கோடை விருந்துக்கு எந்த வரலாற்றுத் தேதி?

கேள்வி (மார்ச் 30)

கோடை விடுமுறையில் வீட்டில் ஒரு விருந்து வைக்கலாம் என்று இருக்கிறோம். சிறுவர்கள், பெரியவர்கள் எல்லாரும் கலந்த கூட்டம். வெறும் பாட்டு, சாப்பாடு என்று போகாமல் வரலாற்றில் ஒரு தேதியை எடுத்து அதையே தீமாக வைக்க ஆசை. டைட்டானிக்கின் கடைசி இரவு விருந்து, எரிமலை வெடித்த நாளின் பாம்பேய், பாஸ்டில் சிறை விழுந்த நாள் என்று மூன்று யோசனைகள் வந்தன. உடைக்கும் அலங்காரத்துக்கும் குறைவிருக்காது. எதை எடுக்கலாம்? வேறு தேதிகள் இருந்தாலும் சொல்லுங்கள்.

மார்ச் 30, இரவு

மூன்றையும் விட்டுவிடுங்கள். டைட்டானிக்கை முதலில் விடுங்கள். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் அந்தக் கப்பலோடு 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் கடைசியாகச் சாப்பிட்ட மேசையை நாம் மெழுகுவத்தி ஏற்றி அலங்கரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நூறு வருடம் ஆகிவிட்டதே என்பார்கள். ஆகட்டுமே.

அடுத்தது, உடையும் அலங்காரமும் அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், வெயிலில் வேர்த்துப்போய்த் தொப்பியையும் அங்கியையும் கழற்றி நாற்காலியில் போடுவார்கள். அதற்குப் பிறகு அது எல்லா விருந்தையும் போல ஒரு விருந்துதான்.

தேதியைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. அன்று அந்த மனிதர்கள் கையால் என்ன செய்தார்கள்? அதை ஒரு மதிய நேரத்தில் நாமும் செய்து பார்க்க முடியுமா? முடியும் என்றால் அந்தத் தேதி விருந்துக்கு ஆகும். போர், முடிசூட்டு விழா, சட்டம் நிறைவேறிய நாள் எல்லாம் புத்தகத்தில் பெரிதாக இருக்கும். விருந்தில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏப்ரல் 1

சட்டம் என்று நேற்று முன்தினம் சொல்லிவிட்டேன், அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1215 ஜூன் 15, இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா என்ற சாசனம். இது என் மனதுக்கு மிகவும் பிடித்த விருந்து என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளி. ஒரு பக்கம் ஜான் மன்னர், இன்னொரு பக்கம் கோபத்தோடு பிரபுக்கள். பெரிய தத்துவமாக இருக்கும் என்று நினைத்து அந்த ஆவணத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும், பாதிக்கு மேல் வீட்டுச் சண்டை மாதிரியான விஷயங்கள். நதியில் மீன் பிடிக்கப் போட்ட தடுப்புகளை எடு, நாடு முழுவதும் மதுவுக்கும் தானியத்துக்கும் ஒரே அளவு வை, இப்படி. அதனால்தான் வீட்டுக்குள்ளும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பிள்ளைகள் பிரபுக்கள், பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஜான் மன்னர். மரத்தடியில் பாய் விரித்து உட்கார வைத்து, இந்த விடுமுறைக்கான சாசனத்தை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பேரம் நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதலில் கேட்டது காலையில் யாரும் எழுப்பக் கூடாது என்பது. பெரியவர்கள் எத்தனை மணி வரை என்று கேட்டார்கள். அந்த ஒரு வரிக்கே வெகுநேரம் போனது. அதற்குள் பத்து வயதுப் பெண் ஒருத்தி, “எழுப்புவது என்றால் என்ன? மின்விசிறியை அணைப்பதும் எழுப்புவதுதானே?” என்று கேட்டாள். அப்பாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அப்படியே சாசனத்தில் ஏறியது.

61வது பிரிவை மறக்காமல் சேருங்கள். மன்னர் வாக்கு மீறினால் தட்டிக்கேட்க 25 பிரபுக்கள் கொண்ட குழு. குறையைச் சொன்ன பிறகு 40 நாள் அவகாசம். அப்படியும் திருந்தாவிட்டால் மன்னரின் கோட்டைகளையும் நிலங்களையும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் மன்னர், அரசி, அவர்கள் பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் கோட்டைக்குப் பதிலாக டிவி ரிமோட் என்று எழுதிக்கொண்டார்கள். 40 நாள் என்பதை ஒரு நாளாகச் சுருக்கிவிட்டார்கள்.

அந்த வருடம் ஆகஸ்ட்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் சாசனம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். மூலச் சாசனம் உயிரோடு இருந்தது ஏறக்குறைய பத்து வாரம். விடுமுறை முடிந்ததும் உங்கள் வீட்டுச் சாசனமும் காலாவதி ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரியவர்கள் தாராளமாக இறங்கி வருவார்கள்.

ஏப்ரல் 2

கையெழுத்து போடச் சொல்லாதீர்கள். ஜான் மன்னர் கையெழுத்திடவில்லை, முத்திரைதான் பதித்தார்கள். மன்னர் பேனாவோடு குனிந்து கையெழுத்திடும் ஓவியங்கள் பிற்காலக் கற்பனை. பிசைந்த களிமண்ணில் பட்டன், சாவி, இலை என்று ஆளுக்கொரு முத்திரை பதித்து நூலில் கோத்துத் தாளில் தொங்கவிடுங்கள். எழுதத் தெரியாத குட்டிகளுக்கும் இதில் சம பங்கு கிடைக்கிறது. சாசனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குட்டி முத்திரைகள்தான்.

ஏப்ரல் 4

பாஸ்டில் ஏன் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1789 ஜூலை 14 அன்று கோட்டைக்குள் இருந்த கைதிகள் ஏழே பேர். தாக்கியவர்களில் நூறு பேர் வரை செத்தார்கள், கோட்டைத் தலைவரின் தலையை ஈட்டியில் குத்தி ஊர்வலம் போனார்கள். இதில் பிள்ளைகளை வைத்து எதை நடத்துவது?

ஆனால் தேதியை விட வேண்டாம், வருடத்தை மட்டும் மாற்றுங்கள். 1790 ஜூலை 14. சரியாக ஓராண்டு கழித்து பாரிஸில் ஷான் த மார்ஸ் மைதானத்தில் நாட்டு ஒற்றுமைக்கென்று ஒரு மாபெரும் விழா எடுத்தார்கள். அதற்கு மைதானத்தைச் சுற்றி மண்மேடு எழுப்ப வேண்டும். கூலிக்கு வைத்த ஆட்களால் குறித்த நாளுக்குள் முடியாது என்று தெரிந்ததும் ஊரே திரண்டு வந்தது. சீமாட்டிகள், துறவிகள், கடைக்காரர்கள், எல்லார் கையிலும் மண்வெட்டியும் தள்ளுவண்டியும். பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்களைத் ‘தள்ளுவண்டி நாட்கள்’ என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். பிரான்ஸில் ஜூலை 14ஐ தேசிய நாளாக்கிய 1880ஆம் ஆண்டு சட்டத்தின்போதும் ரத்தம் சிந்திய 1789ஐவிட இந்த விழாவைக் காட்டித்தான் தயங்கியவர்களைச் சமாதானப்படுத்தினார்கள்.

ஆகவே தள்ளுவண்டிப் பந்தயம். உண்மையான தள்ளுவண்டி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துக்கொண்டு கையால் நடக்கும் விளையாட்டு. அதோடு எல்லாரும் சேர்ந்து ஒரு நிஜமான வேலையை முடிக்க வேண்டும், தோட்டத்தில் ஒரு பாத்தி கட்டுவது போல. விழாவன்று கொட்டித் தீர்த்த மழையிலும் கூட்டம் கலையவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட இதைவிட நல்ல சாக்கு ஏது.

ஏப்ரல் 5

பாம்பேயைப் பற்றி ஒரு வரி. வழக்கமாகச் சொல்லும் ஆகஸ்ட் 24ஐ அழைப்பிதழில் அச்சடிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். 2018இல் அங்கே ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் நடுவில் வரும் ஒரு தேதியோடு கரிக்கோட்டு எழுத்து கிடைத்தது. கரியில் எழுதியது வெகுநாள் நிற்காது என்பதால், கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தது இலையுதிர் காலத்தில்தான் என்று ஆய்வாளர்கள் பலர் இப்போது நினைக்கிறார்கள். மனிதத் துயரத்தை ஒதுக்கிவைத்தாலும் அது கோடை விருந்தே ஆகாது போலிருக்கிறது.

ஏப்ரல் 8

இப்போது நிலா. எல்லாருக்கும் முதலில் தோன்றும் தேதி இதுதான், எல்லாரும் கெடுப்பதும் இதைத்தான். வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி ஒட்டிவிட்டு ‘அப்போலோ 11 பார்ட்டி’ என்று எழுதிவிடுவார்கள்.

ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவின் தரையில் வெளியே இருந்தது இரண்டரை மணி நேரம்தான். ஒரு விருந்தின் நீளம். அதற்குள் கொடி நட வேண்டும், நிலநடுக்கம் அளக்கும் கருவி வைக்க வேண்டும், பூமியிலிருந்து வரும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடித் தட்டை நிறுத்த வேண்டும், சூரியனிலிருந்து வரும் துகள்களைப் பிடிக்க ஒரு மெல்லிய தகடைத் தொங்கவிட வேண்டும், கல்லும் மண்ணுமாக இருபது கிலோவுக்கு மேல் அள்ள வேண்டும். உப்பிப்போன விண்வெளி உடையில் குனிய முடியாததால் நீளக் கைப்பிடி வைத்த கரண்டியும் இடுக்கியும் கொண்டுபோனார்கள்.

இதை அப்படியே செய்யுங்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்காமல், நீள இடுக்கியால் கூழாங்கல் பொறுக்கிப் பையில் போட்டு எண் எழுத வேண்டும். கேட்க எளிது. கையுறைக்குள் பேனா நிற்காது, பையின் வாய் ஒட்டிக்கொள்ளும், கல் நழுவி உருளும். எங்கள் விருந்தில் இளைஞர்கள் எல்லாரும் அவசரப்பட்டுத் தோற்றார்கள். தோட்ட வேலையில் கை பழகிய ஒரு பெரியவர், பையை முதலில் காற்றில் வீசி வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக நிதானமாக எடுத்து ஜெயித்தார்.

கண்ணாடித் தட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அன்று வைத்த அது இன்றும் அங்கேதான் இருக்கிறது, விஞ்ஞானிகள் இன்றும் அதன் மேல் லேசர் அடித்து நிலாவின் தூரத்தை அளக்கிறார்கள். ஒரு கைக்கண்ணாடியை வைத்து டார்ச் ஒளியைக் குறித்த இடத்துக்குத் திருப்பச் சொன்னால் போதும், இருட்டிய பிறகு அந்த விளையாட்டை விடவே மாட்டார்கள்.

ஏப்ரல் 8, இரவு

மைக்கேல் காலின்ஸை விட்டுவிட்டேனே. மற்ற இருவரும் கீழே இறங்க, அவர் தனியாக நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் நிலாவின் மறுபக்கம் போகும்போது முக்கால் மணி நேரத்துக்கு மேல் பூமியோடு தொடர்பே இருக்காது.

எந்த விருந்திலும் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கும் ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளைக்குக் காலின்ஸ் பாத்திரம் கொடுங்கள். உள்ளறையில் ஒரு நாற்காலி, ஒரு போன், வேலைகளின் பட்டியல், ஒரு கடிகாரம். வெளியில் இருப்பவர்கள் அடுத்து என்ன செய்வது என்று அவனைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். எங்களிடம் வந்த அப்படிப்பட்ட ஒரு பையன் வேலை பிடித்துப்போய், “கொடி இன்னும் சாய்ந்திருக்கிறது, நிமிர்த்துங்கள்” என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக் கட்டளை போட ஆரம்பித்துவிட்டான். வேறு எந்தத் தீமிலும் இப்படி ஒரு இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஏப்ரல் 9

20ஆம் தேதியா, 21ஆம் தேதியா என்ற சண்டைக்கு: கலம் இறங்கியது உலக நேரப்படி 1969 ஜூலை 20, இரவு 8:17. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது உலக நேரப்படி ஜூலை 21, அதிகாலை 2:56. அமெரிக்காவில் அப்போது இன்னும் 20. ஆசியாவில் அது 21 காலை. இரண்டு தேதிகளும் சரி, எந்த நாள் விடுமுறையோ அதில் வையுங்கள்.

ஏப்ரல் 11

வருடம் இல்லாத ஒரு தேதியும் உண்டு. ஜூன் 21ஐ ஒட்டி வரும் கோடைக்கால கதிர்த்திருப்பம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டது இந்த நாளை வைத்துத்தான். எகிப்தின் தெற்கே சையீனில், இன்றைய அஸ்வானில், அன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் விழாது. வடக்கே அலெக்ஸாண்டிரியாவில் அதே நேரம் நிழல் விழுந்தது, வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு கோணத்தில். அப்படியானால் இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை 50 ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. ஒரு குச்சி, ஒரு நிழல், ஒரு பெருக்கல்.

இதற்கு இரண்டு விருந்துகள் வேண்டும். உங்கள் ஊருக்கு நேர் வடக்கிலோ தெற்கிலோ சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உறவினரோ நண்பரோ அதே நாளில் தங்கள் வீட்டில் ஒரு விருந்து வைக்கட்டும். இரண்டு வீட்டிலும் ஒரு மீட்டர் குச்சி. கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். 11:30 மணியிலிருந்தே நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அதுதான் அந்த இடத்தின் நண்பகல்.

பலர் கடிகாரத்தில் 12 ஆனதும் அளந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் முடிந்தது, சாப்பிடலாம் என்று கிளம்பினார்கள். தரையில் படுத்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்த சிறுமி மட்டும், “இல்லை, இன்னும் குட்டையாகிக்கொண்டே போகிறது” என்று எழ மறுத்தாள். அவள் சொன்னதுதான் சரி. கடிகாரம் காட்டுவது நாட்டுக்கெல்லாம் பொதுவாக வைத்த நேரம், சூரியன் ஒவ்வொரு ஊருக்கும் தன் நேரத்தில்தான் உச்சிக்கு வருகிறது. சாப்பாட்டை ஒரு மணிக்குமேல் வைத்துக்கொள்வது நல்லது.

கோணம் கண்டுபிடிக்கத் திரிகோணக் கணிதம் வேண்டாம். குச்சியையும் நிழலையும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கித் தாளில் செங்கோண முக்கோணம் வரைந்து, மேல் முனைக் கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் போதும். இரண்டு ஊருக்கும் கோண வித்தியாசம் 5 பாகை, வடக்குத் தெற்கு தூரம் 555 கிலோமீட்டர் என்று வையுங்கள். 360ஐ 5 ஆல் வகுத்தால் 72. 555ஐ 72 ஆல் பெருக்கினால் 39,960. பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஒரு பாகை அளவில் பிசகினால் விடை ஆயிரக்கணக்கில் தள்ளிப்போகும், அதனால் ஊர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. விடை தள்ளிப்போனாலும் போகட்டும், போனில் இரண்டு வீடும் எண்களைச் சொல்லிக்கொள்ளும் அந்த நேரத்துக்கு ஈடு இல்லை.

ஏப்ரல் 12

நேற்றையதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஓரளவு அருகில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். கோடையில் ஒரு ஊரில் நண்பகல் நிழல் வடக்கே விழும், இன்னொரு ஊரில் தெற்கே விழலாம். ஒரே பக்கம் விழுந்தால் கோணங்களைக் கழிக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் கூட்ட வேண்டும். நிழல் விழும் திசையையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். நிழல் மிகவும் குட்டையாக இருந்தால் இன்னும் உயரமான குச்சி எடுங்கள். கதிர்த்திருப்ப நாளேதான் வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வீடும் ஒரே நாளில் அளந்தால் எந்த நாளும் சரி.

ஏப்ரல் 13

நிழலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அதே தேதியில் இன்னொரு கதை இருக்கிறது. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் ‘பேபி’ என்று செல்லப்பெயர் வைத்த கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து ஓட்டிய முதல் மின்னணுக் கணினி அது. 262,144 என்ற எண்ணை மிச்சமின்றி வகுக்கும், அதைவிடச் சிறிய எண்களில் மிகப் பெரியது எது என்பது கேள்வி. 52 நிமிடம் ஓடி 131,072 என்றது.

ஐந்து பேரை வரிசையாக உட்கார வைத்து 16, 8, 4, 2, 1 என்று அட்டை கொடுங்கள். ஒரு எண் சொன்னால், கூட்டினால் அந்த எண் வருகிற மாதிரி சரியான ஆட்கள் மட்டும் எழ வேண்டும். 31 வரை போகலாம், பிறந்த தேதிகளுக்குச் சரியாகப் போதும்.

ஏப்ரல் 19

பலூன் பற்றி. 1783 ஜூன் 4 அன்று பிரான்ஸின் அன்னோனே ஊரில் மோன்ட்கோல்ஃபியர் சகோதரர்கள் துணியும் காகிதமும் சேர்த்து, பொத்தான் போட்டு இணைத்த ஒரு பெரிய பையைச் சூடான காற்றால் மேலே ஏற்றிக் காட்டினார்கள். செப்டம்பரில் வெர்சாயில் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் பறந்தன. நவம்பரில் மனிதர்கள்.

இதைச் சொன்னதும் நெருப்பு வைத்துப் பறக்கவிடும் காகித விளக்குகளை நினைப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். கோடையில் புல்லும் கூரையும் காய்ந்து கிடக்கும், அந்த விளக்கு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு மாற்று, மிக மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் பைகள். அடியை வெட்டி ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளக் குழாயாக்கி, விடிகாலையின் குளிர்ந்த காற்றை நிரப்பி வாயைக் கட்டி வெயிலில் வையுங்கள். உள்ளே காற்று சூடாகிப் பை தானாக எழும்பும். நூலில் கட்டியே வையுங்கள், மின்கம்பி இல்லாத திறந்தவெளியில் மட்டும். நடுப்பகலில் முயன்றால் வெளிக்காற்றும் சூடாக இருப்பதால் சோம்பலாக நிற்கும். அதனால் இது காலை விருந்துக்குத்தான்.

ஏப்ரல் 20

மழை வந்தால்? 1816. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்ததில் மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே சரியாக வரவில்லை. ஜூன் மாதம் ஜெனிவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் மழையால் அடைபட்ட நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். அதில் 18 வயது மேரிக்கு, பின்னாளில் மேரி ஷெல்லி, உதித்ததுதான் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல். அவருக்கும் உடனே கதை வந்துவிடவில்லை, நாட்கணக்கில் தேடியிருக்கிறார். ஆகவே விருந்தன்று திடீரென்று கதை கேட்காதீர்கள். அழைப்பிலேயே சொல்லி வையுங்கள், ஆரம்பம் மட்டும் போதும், முடிவு வேண்டாம் என்று. மழை பெய்யாவிட்டாலும் இரவில் மொட்டை மாடிக்கு இது பொருந்தும்.

ஏப்ரல் 24

விளையாட்டுப் பிரியர்களுக்கு 1930 ஜூலை 30, முதல் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். உருகுவேயும் அர்ஜென்டினாவும் யாருடைய பந்தில் ஆடுவது என்று ஒத்துப்போகவில்லை. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து, பாதியில் அவர்கள் 2-1 முன்னிலை. இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து, முடிவில் உருகுவே 4-2. இரண்டு அணிகளையும் தங்கள் பந்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கனமான பந்து, காற்றில் மிதக்கும் கடற்கரைப் பந்து, எதுவும் செல்லும். ஆட்டம் நடந்த மொன்டேவீடியோவில் ஜூலை குளிர்காலம், ஆனால் அதற்காக இந்தப் பந்து விளையாட்டை இழக்க எனக்கு மனமில்லை.

ஏப்ரல் 27

அழைப்பிதழைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1953 மே 29 அன்று ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். செய்தியை லண்டனுக்கு அனுப்ப வேண்டிய ‘தி டைம்ஸ்’ நிருபர் ஜேம்ஸ் மோரிஸ், வழியில் யாரும் திருடிவிடக் கூடாது என்று ரகசியக் குறிமொழியில் அனுப்பினார். பனி நிலை மோசம் என்றால் உச்சியை அடைந்தாயிற்று. முன்தள முகாம் கைவிடப்பட்டது என்றால் ஹிலாரி. முன்னேற்றத்துக்குக் காத்திருக்கிறோம் என்றால் டென்சிங். வெளியாள் படித்தால் தோல்விச் செய்தி. ஜூன் 2 அன்று, இரண்டாம் எலிசபெத் முடிசூடிய காலையில், அது பத்திரிகையில் வந்தது.

எந்தத் தேதியில் விருந்து வைத்தாலும் அழைப்பை இப்படி அனுப்பலாம். முதலில் குறிச்சொல் பட்டியல் தனியாகப் போகட்டும். இரண்டு நாள் கழித்து, “பல்வலி அதிகம், மருத்துவர் ஊரில் இல்லை, குடை தொலைந்தது” என்று ஒரு செய்தி. பல்வலி என்றால் விருந்து உறுதி, மருத்துவர் என்றால் மாலை நான்கு மணி, குடை என்றால் மாற்றுத் துணி கொண்டுவரவும். பட்டியலைத் தொலைத்த உறவினர்கள் பல்வலிக்குக் கைவைத்தியம் சொல்லப் போன் செய்வார்கள். அவர்களுக்கு மட்டும் நேரத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மே 2

பூமியின் தென்பாதியில் இருப்பவர்கள் இந்தத் தேதிகளெல்லாம் தங்களுக்குக் குளிர்காலம் என்கிறார்கள். உங்களுக்கு 1911 டிசம்பர் 14. அமுண்ட்சென் குழுவினர் ஐந்து பேர் தென் துருவத்தை அடைந்த நாள், அங்கே அது நடுக்கோடை. போகும் வழியில் உணவுச் சேமிப்பு வைத்த இடங்களைத் திரும்பும்போது தவறவிடாமல் இருக்க, பாதைக்குக் குறுக்கே இருபுறமும் வரிசையாகக் கொடி நட்டு வைத்தார்கள். ஒவ்வொரு கொடியிலும் சேமிப்பு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று குறிப்பு. புதையல் வேட்டைக்கு இதைவிடத் தெளிவான முறையை நான் கண்டதில்லை. பனிக்கட்டிப் பெட்டியைத் தோட்டத்தில் நிழலில் ஒளித்து வையுங்கள், அதன் இருபுறமும் கொடிகள், கொடியில் அம்புக்குறி. வெயிலில் பனிக்கட்டி உருகுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் யாரையும் ஓடச் சொல்ல வேண்டியிருக்காது.